ஸ்ட்ரெச்சர் இரண்டு, பைலட் ஒருவர்: டாக்டர் வலெரி ஆந்த்ரே

கார்முகில்:

இந்த அரங்கில் விமானம் என்று தொடங்கும் இழையெல்லாம் நான்காவது பதிலுக்குள் போர்விமானச் சண்டையாகிவிடுகிறது. ஒரு மாறுதலுக்கு ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசலாம்.

1951 டிசம்பர் 11. வியட்நாமின் வடக்கே, கறுப்பு ஆற்றங்கரையில் தூ வூ என்ற பிரெஞ்சுக் காவல் முகாம். தாக்குதலில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு உடனே அறுவை சிகிச்சை வேண்டும். ஹனோயில் ஹெலிகாப்டர் இல்லை. கைவசம் இருந்த ஒன்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சைகோனில். அதைப் பிரித்து, பிரிஸ்டல் சரக்கு விமானத்தில் ஏற்றி, ஹனோய்க்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். பூட்டியதை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் புறப்பட்டவர் கேப்டன் வலெரி ஆந்த்ரே. கீழிருந்து விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் சுட்டன. தரையிறங்கிய பிறகு பைலட் டாக்டரானார். யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று பிரித்தார். காத்திருக்க முடியாதவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு இருவர் இருவராக ஹனோய்க்குத் தூக்கிவந்தார். அப்போது அவருக்கு வயது 29.

பிறந்தது 1922-இல் ஸ்ட்ராஸ்பூர்கில். பத்து வயதில், ஊர் விமானத்தளத்துக்கு வந்த பெண் விமானி மரீஸ் ஹில்ஸுக்குப் பூச்செண்டு கொடுத்த சிறுமி. 1930-இல் பாரிஸிலிருந்து சைகோன் வரை பறந்தவர் ஹில்ஸ். பூச்செண்டு கொடுத்த பெண்ணும் ஒருநாள் அதே சைகோனில் பறக்கப்போகிறாள் என்று யார் கண்டார்கள்? பறக்கக் கற்கப் பணம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. அவர் படித்த பல்கலைக்கழகமே கிளெர்மோன்-ஃபெரானுக்கு இடம்பெயர்ந்தது. 1943 நவம்பரில் அங்கேயும் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ புகுந்தது. தப்பிப் பாரிஸுக்குப் போனார். 1948-இல் மருத்துவப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, பாராசூட்டில் குதிப்பவர்களுக்கு உண்டாகும் காயங்கள் பற்றியது. குதித்தும் பழகியிருந்தார்.

வியட்நாமும் அடங்கிய பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவில் டாக்டர் பஞ்சம். விரும்பிப் போனார். சைகோன் ராணுவ மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை. பாதை இல்லாத முகாம்களுக்குப் பாராசூட்டில் குதித்துப் போய் மருத்துவம் பார்த்தார். 1950-இல் ராணுவ மருத்துவத் துறை வாங்கிய இரண்டு ஹில்லர் 360 ஹெலிகாப்டர்கள் சைகோனில் வந்து இறங்கியபோது, தன் பாராசூட்டுக்கு இனி வேலை இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பாராசூட்டில் போனால் டாக்டர் மட்டும்தான் நோயாளியிடம் போகலாம். ஹெலிகாப்டரில் போனால் நோயாளியையும் கூட்டிக்கொண்டு திரும்பலாம். பிரான்சுக்குப் போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அதே ஆண்டு திரும்பிவந்தார்.

இந்தோசீனாவில் 129 ஹெலிகாப்டர் பயணங்கள், 165 காயக்காரர்கள். பிறகு அல்ஜீரியாவில் 365 பயணங்கள். 1976-இல் ஜெனரல், பிரான்சில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2025 ஜனவரி 21 அன்று 102 வயதில் காலமானார். தமிழில் ஓர் இரங்கல் குறிப்பு என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த இழை.

நாற்காலி விமானி:

அருமை. ஆனால் கணக்கு இடிக்கிறது. முறைக்கு இருவர் என்றால் 129 பயணத்துக்கு 258 பேர் வரவேண்டும். 165 எப்படி?

கார்முகில்:

நான் பார்த்த எல்லா இடத்திலும் இந்த இரண்டு எண்கள்தான். ஏன் என்று ஸ்பேனர் ஐயா வந்தால் கேட்போம்.

பழைய ஸ்பேனர்:

வந்துவிட்டேன் தம்பி. நம் படையின் சேத்தக், சீட்டா ஹெலிகாப்டர்கள் இரண்டையும் பூட்டி அவிழ்த்தே என் உத்தியோக காலம் போனது. ஹில்லரை அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரும்புக்கு இரும்பு உறவுதானே.

அந்த ஹில்லரில் இருந்தது 178 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின். இன்றைய நடுத்தரக் கார்கள் சிலவற்றில் அந்த அளவு உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு பைலட்டையும், எரிபொருளையும், வெளியே இரண்டு பக்கமும் கூடை போலக் கட்டிய ஸ்ட்ரெச்சரில் இரண்டு ஆட்களையும் நேராக மேலே தூக்க வேண்டும். காற்று சூடாக ஆக மெலிந்துபோகும். ஈரம் சேர்ந்தால் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் மேலே சுற்றும் ரோட்டாருக்குப் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். அந்த ஊர் வெயிலும் புழுக்கமும் எப்படி என்று நம் சித்திரை மாதத்தில் கடலோரத்தில் நின்று பார்த்தால் தெரியும். மலைக்குள் ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டு, சுற்றி மரம் நிற்க, இரண்டு பேரோடு எழும்ப முடியாமல் ஒருவரை மட்டும் எடுத்துவர வேண்டிய நாள்கள் இருக்கும். போகும்போது மருந்தும் ரத்தமும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வெறுமனே திரும்பும் பயணமும் பயணம்தான். சராசரி ஒன்றே கால் ஆள் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சொல்லப்போனால் நல்ல சராசரி.

அந்த அம்மையார் சின்ன உடம்புக்காரர் என்று படித்திருக்கிறேன். படங்களிலும் அப்படித்தான் தெரிகிறது. இந்த வேலைக்கு அது பெரிய சொத்து. பைலட்டின் எடையில் இருபது கிலோ மிச்சமானால் அது எரிபொருளாகவோ காயக்காரராகவோ ஏறும்.

இன்னொன்று. மற்ற ஹெலிகாப்டர்களில் திசை திருப்பும் தண்டு இரண்டு முழங்காலுக்கு நடுவே தரையிலிருந்து எழும்பி நிற்கும். அந்தக் கால ஹில்லரில் அது கூரையிலிருந்து தொங்கும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் மேல்கம்பியைப் பிடித்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் கையைத் தூக்கியபடியே ஓட்ட வேண்டும். பிறகு அதே கையால் கத்தி பிடித்திருக்கிறார். எனக்கு அவருடைய வீரத்தைவிட அந்தத் தோள்பட்டைதான் வியப்பு.

நாற்காலி விமானி:

பிரித்துக் கொண்டுவந்து பூட்டினார்கள் என்று கார்முகில் ஒரே வரியில் போய்விட்டார். நடக்கிற காரியமா அது? ஒரு மின்விசிறியைக் கழற்றி மாட்டினாலே என் வீட்டில் ஆடுகிறது.

பழைய ஸ்பேனர்:

கேட்டீர்களே, இதுதான் கேள்வி. பூட்டுவது பெரிய காரியமில்லை. பூட்டிய பிறகு இரண்டு இறக்கைகளின் நுனியும் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும். ஒன்று விரல் அளவு மேலே, மற்றது கீழே என்று சுற்றினால் வண்டி முழுவதும் குலுங்கும். பைலட்டுக்குப் பல் கிட்டும்.

இப்போது மட்டம் பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. பழைய முறை கொடித்துணி. ஓர் இறக்கை நுனியில் சிவப்பு, மற்றதில் நீலம் என்று மெழுகுக் கட்டியால் பூசுவோம். நீளக் கம்பத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் அந்தக் கம்பத்தை மெல்ல மெல்லச் சாய்த்துச் சுற்றுகிற நுனியின் பக்கம் கொண்டுபோவார். 'டப்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்க வேண்டும். கம்பத்தை உடனே இழுத்துவிட வேண்டும். துணியில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் எவ்வளவு தள்ளி விழுந்திருக்கின்றன என்று பார்த்துத் திருத்துவோம். மறுபடி ஓட்டு, மறுபடி துணி. நான் முதன்முதலில் கம்பம் பிடித்தபோது அளவுக்கு மீறிச் சாய்த்துவிட்டேன். துணி கிழிந்து மேலதிகாரியின் காலடியில் போய் விழுந்தது. அவர் திட்டியதை இந்த அரங்கில் எழுத முடியாது.

ஹனோயில் அவசரத்தில் யாரோ ஒரு மெக்கானிக் இதையெல்லாம் செய்துதான் அந்த அம்மையாரிடம் வண்டியைக் கொடுத்திருப்பார். அவர் பெயர் எங்கும் இருக்காது. எங்கள் ஜாதி அப்படி.

புதுவைக் கடற்கரை:

இந்த இழையைப் பார்த்துத்தான் உறுப்பினரானேன். எங்கள் தாத்தா புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போனவர். ஊரில் 'சொல்தா' என்பார்கள். கடைசி வரை பிரெஞ்சு பென்ஷன் வாங்கினார். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் நிற்பார். சிறுவயதில் நானும் கூடப் போவேன்.

அவர் வீட்டுச் சுழல்விசிறியை 'வாந்திலாத்தர்' என்றுதான் சொல்வார். அது பிரெஞ்சில் மின்விசிறி. ஒருநாள் விசிறியைப் பார்த்தபடி, அங்கே ஹெலிகாப்டரையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கார்முகில்:

விளையாட்டு இல்லை அண்ணா. வானொலியில் ஹெலிகாப்டருக்கான அழைப்புப் பெயரே அதுதான். 1954-இல் ஆந்த்ரே எழுதிய நினைவுக் குறிப்பின் தலைப்பு 'இங்கே வாந்திலாத்தர்' என்பது. தாத்தா ஆந்த்ரேயைப் பார்த்திருக்கிறாரா?

புதுவைக் கடற்கரை:

அவர் சைகோனில் கிட்டங்கிக் கணக்கு எழுதியவர். பார்த்ததாகச் சொன்னதில்லை. இல்லாததைச் சொல்லமாட்டேன்.

செம்பருத்தி:

எல்லாம் சரி. ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் போர் யாருடையது? வியட்நாமியர் தங்கள் நாட்டைத் திரும்பக் கேட்டார்கள். பிரான்ஸ் கொடுக்க மறுத்தது. அடுத்து அல்ஜீரியா, அங்கேயும் இதே கதை. அடக்க வந்த படையின் கேப்டனை நாம் ஏன் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும்? அவர் சுமந்த 165 பேரில் பலர் குணமாகித் திரும்ப யாரைச் சுடப் போனார்கள்?

நாற்காலி விமானி:

தோழர், டாக்டரிடம் போய் அரசியல் பேசுவதா? அவர் பிடிபட்ட வியட்மின் (வியட்நாம் விடுதலைப் படை) காயக்காரர்களுக்கும் மருத்துவம் பார்த்திருக்கிறார்.

செம்பருத்தி:

பார்த்தார், மறுக்கவில்லை. டாக்டர் என்பதால் மட்டும் அவர் போருக்கு வெளியே நின்றவர் ஆகிவிடுவாரா என்பதுதான் என் கேள்வி. சம்பளம், பதவி, பதக்கம் எல்லாம் படையிலிருந்து வந்தவை. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஹெலிகாப்டரைக் காயக்காரரை ஏற்ற மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மலைக்கிராமங்களின் மேல் படையை இறக்கினார்கள், துப்பாக்கி பொருத்திப் பறந்தார்கள். வியட்நாமில் பின்னால் அமெரிக்கர் பெரிய அளவில் செய்ததற்கு ஒத்திகை அங்கேதான் நடந்தது.

கார்முகில்:

செம்பருத்தி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. போரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறியவர் அல்ல ஆந்த்ரே. 1948-இல் தானாகக் கேட்டுச் சேர்ந்தவர், 1962 வரை இரண்டு காலனியப் போர்களில் இருந்தவர். அதை மறைத்து அவரை வெறும் கருணைத் தெய்வமாக எழுதினால் அது பொய். ஆனால் வயிற்றில் குண்டு வாங்கியவரை வயல் சேற்றில் நாள்கணக்கில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போன காலத்தில், அவரைச் சில மணி நேரத்தில் அறுவை மேசைக்குக் கொண்டுவரலாம் என்று செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். இரண்டையும் சேர்த்தேதான் எழுத வேண்டும். தொடக்கப் பதிவில் முதலாவதை விட்டுவிட்டேன். என் பிழை.

வார்டு பதினொன்று:

நான் நர்ஸ். இரவுப் பணி முடிந்து எழுதுகிறேன், தூக்கக் கலக்கம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் கட்டிய ஸ்ட்ரெச்சர் என்று ஐயா எழுதியதிலிருந்து மனம் நகரவில்லை. காயக்காரர் கண்ணாடிக்கு வெளியே படுத்திருக்கிறார். டாக்டர் உள்ளே ஒரு கை தூரத்தில் இருக்கிறார். இரண்டு கையும் தண்டுகளில். ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்க முடியாது, நாக்கு உள்ளே மடிந்தால் தாடையைத் தூக்க முடியாது. மேலே எழும்பிய பிறகு அவரால் செய்யக்கூடிய ஒரே மருத்துவம் வேகம்தான். ஆகவே கிளம்புமுன் செய்ததுதான் எல்லாம். எங்கள் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை கட்டிப் பிரிக்கிறோம்; தவறினால் பக்கத்தில் ஓடிப்போய்ப் பார்க்கலாம். ஆந்த்ரேக்கு ஓடக் கால் இருந்தும் இடம் இல்லை. யாரை முதலில் ஏற்றுவது என்பதைச் சாதாரண பைலட் யாரையாவது கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவர் கேட்க வேண்டியதில்லை. அவரைச் சிறந்த பைலட் ஆக்கியது டாக்டர் படிப்புதான் என்பேன்.

இன்னொரு விஷயம். முதல் பெண் ஜெனரல்கள் எல்லோரும் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று கவனித்தீர்களா? அமெரிக்காவில் 1970-இல் அன்னா மே ஹேஸ், நர்ஸ். பிரான்சில் 1976-இல் ஆந்த்ரே, டாக்டர். அதே 1976-இல் நம் இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆன கெர்ட்ரூட் ஆலிஸ் ராம், நர்ஸ். இந்திய விமானப்படையில் ஏர் மார்ஷல் ஆன முதல் பெண் பத்மா பந்தோபாத்யாய், திருப்பதியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அவரும் டாக்டர், விமான மருத்துவம் படித்தவர். படை தன் தலைவாசலைப் பெண்களுக்கு மூடி வைத்திருந்தது, மருந்து வாசலை மட்டும் திறந்து வைத்திருந்தது, ஆள் பற்றாக்குறையால். உள்ளே போனவர்களில் ஆந்த்ரே ஒருவர்தான் அங்கிருந்து நேராகப் பைலட் இருக்கையில் போய் உட்கார்ந்தவர். எங்கள் தொழில்காரி என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்).

நாற்காலி விமானி:

அக்கா சொன்னதும் நினைவு வருகிறது: பிரெஞ்சுப் படை முற்றுகையில் மாட்டிய தியன் பியன் பூவில் சிக்கிக்கொண்ட நர்ஸும் இவரும் ஒருவரா?

கார்முகில்:

இல்லை, பலரும் குழப்பிக்கொள்வது இது. அவர் ஜெனவியேவ் த கலார். காயக்காரர்களை ஏற்ற வந்த விமானம் ஓடுபாதையிலேயே அழிந்துபோனதால் 1954-இல் முற்றுகைக்குள் அகப்பட்டவர். உலகப் பத்திரிகைகள் அவரைத் தேவதை என்று கொண்டாடின. ஆந்த்ரே அதற்குமுன்பே பிரான்ஸ் திரும்பிவிட்டார். எத்தனை முறை போய்த் திரும்பினாலும் கிடைக்காத புகழ், திரும்ப முடியாமல் போனவருக்குக் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு அப்படித்தான் கதை வேண்டும் போலிருக்கிறது.

வானம்பாடி_72:

தலைப்பில் 'முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்' என்று போடாமல் விட்டீர்களே, நன்றி. பல இடங்களில் அப்படி எழுதுகிறார்கள், தவறு. ஜெர்மனியின் ஹன்னா ரைட்ஷ் 1938-லேயே பெர்லினில் ஓர் உள்ளரங்கத்துக்குள் ஹெலிகாப்டரை ஓட்டிக் காட்டினார், கூட்டத்துக்கு முன்னால். அமெரிக்காவில் ஆன் ஷா கார்ட்டர் 1947. போர்முனையில் ஹெலிகாப்டர் ஓட்டிய முதல் பெண் என்பதுதான் ஆந்த்ரேக்குச் சரியான அடைமொழி.

1955-இல் வாஷிங்டனில் ஜீன் ராஸ் ஹோவர்ட் என்ற பெண், உலகத்தில் ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்த பெண்களையெல்லாம் தேடிப் பிடித்து 'வேர்லி-கேர்ள்ஸ்' என்று சங்கம் தொடங்கினார். தேடியதில் கிடைத்தவர்கள் மொத்தம் 13 பேர், மூன்று நாடுகளிலிருந்து: அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ். பதின்மூன்றாவது ஆள் ஹோவர்டேதான். உலகம் முழுவதற்கும் ஒரு வேனுக்குள் அடங்குகிற கூட்டம்! ஹோவர்டின் வழி முழுக்க வேறு. ஹெலிகாப்டர் தொழிலுக்குப் பேசுவது, கடிதம் எழுதுவது, மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் இறங்குதளம் கட்டச் சொல்லி வாதாடுவது என்று சலிக்காமல் செய்தார். அவரைப் பற்றித் தனி இழை போடலாம்.

கார்முகில்:

போடுங்கள் வானம்பாடி, காத்திருக்கிறேன். ஆந்த்ரேயும் பின்னாளில் வாதாடத்தான் செய்தார். 1980-களின் தொடக்கத்தில் படையில் பெண்களின் எதிர்காலம் பற்றி ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். ஆனாலும் பிரான்சுக்கு முதல் பெண் போர்விமானி கிடைக்க 1999 ஆனது: கரோலின் ஏக்ல். தூ வூவுக்கும் அதற்கும் நடுவே 48 வருடம். இத்தனைக்கும், பெண்ணால் முடியுமா என்று கேட்டவர்களின் நாட்டில்தான் பதில் ஏற்கெனவே பதக்கம் குத்திக்கொண்டு நடமாடியது.

புதுவைக் கடற்கரை:

ஒரு சந்தேகம். ஜெனரல் ஆனதும் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள்? தாத்தா சொல்வார், பிரெஞ்சில் 'லா ஜெனரால்' என்றால் ஜெனரலின் மனைவி என்று பொருளாம்.

கார்முகில்:

அதே சிக்கல்தான் வந்தது. அவருடைய 1988 புத்தகத்தின் தலைப்பே 'மதாம் ல ஜெனரால்'. சொல் ஆண்பாலிலேயே நிற்கிறது, முன்னால் ஒரு 'மதாம்'.

வார்டு பதினொன்று:

நமக்கும் இதே கூத்துதானே! எங்கள் ஊரில் 'டாக்டரம்மா' என்றால் யாரும் மருத்துவம் படித்த பெண்ணை மட்டும் நினைப்பதில்லை. டாக்டர் மனைவியும் டாக்டரம்மாதான், வாத்தியார் மனைவியும் வாத்தியாரம்மாதான். நாங்கள் இருக்கும் குடியிருப்பில் ஒரு டாக்டரம்மாவிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போய் நின்றால், 'அவர் வரட்டும்' என்பார்.

செம்பருத்தி:

இது ஒன்றில் நான் உங்கள் கட்சி.

பழைய ஸ்பேனர்:

கடைசியாக என் பங்கு. ஆந்த்ரே அல்ஜீரியாவில் ஓட்டியவற்றில் அலுவெத் 2 உண்டு. அதன் உடலையும் அலுவெத் 3-இன் எஞ்சினையும் ரோட்டாரையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் 'லாமா' செய்தார்கள். செய்யச் சொல்லிக் கேட்டது இமயமலை உயரத்துக்கு வண்டி தேடிய நம் படை. பெங்களூரில் அதைக் கட்டி 'சீட்டா' என்று பெயர் வைத்தோம். 1999-இல் கார்கிலில் குஞ்சன் சக்சேனா, பாலக்காட்டுப் பெண் ஸ்ரீவித்யா ராஜன் இருவரும் ஓட்டியது அதுதான். காயக்காரர்களையும் ஏற்றிவந்தார்கள். எல்லாம் ஒரே குடும்பத்து வண்டி.

வெளியே கட்டிய ஸ்ட்ரெச்சரிலிருந்து மனம் நகரவில்லை என்று நர்ஸ் தங்கை எழுதியிருந்தார். சேத்தக்கில் இரண்டு ஸ்ட்ரெச்சரும் உள்ளே, பைலட் இருக்கைக்குப் பின்னால் குறுக்காகப் போகும். கைக்கு எட்டும். கதவைச் சாத்துமுன் காயக்காரரின் கை வெளியே தொங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.